கணப்பும் அதன் அணியும்

ஆங்கில நாட்டு வீட்டலங்கார நூல்களைப் புரட்டுவோர் ஒரு விதியை அடிக்கடி காண்பர். அறைக்குள் நுழைபவன் கண் முதலிற் சென்று தங்குதற்கு ஓரிடம் வேண்டும். அவ்விடம் கணப்பாயின் மிக நன்று. கணப்பை அலங்கரித்துவிட்டால் அறை முழுவதும் தானே ஒழுங்குபடும் என்பது அவ்விதி. பின் வருவன அவ்விதிக்கு உரை. மேலே ஒரு பெரிய நிலைக்கண்ணாடி; அதன் இருமருங்கும் மெழுகுவர்த்தித் தண்டுகள்; நடுவே ஒரு மணிக்கூடு; இடையிடையே பீங்கான் பாத்திரங்கள்; பண்டிகைக்குப் பண்டிகை மாறும் தழைமாலைகள். இவ்வளவுஞ் சொல்லி, நெருப்பைப்பற்றி ஒரு சொல்லுஞ் சொல்லாது முடிக்கும் நூல்களும் உள.

யாழ்ப்பாணத்து வெயிலில் இருந்துகொண்டு கணப்பைப்பற்றி எழுதுவானேன் என்று வினவுவார் உளராயின், அவர்க்கு விடை இரண்டு. ஆங்கில இலக்கியம் பயிலும் நம் மாணவர் நாவல்தோறும் இக்கணப்பைச் சந்திக்கின்றனர். கதைமாந்தர் அதன்முன் வந்து நிற்கின்றனர், அதனைக் கிளறுகின்றனர், மறைக்கவேண்டிய கடிதத்தை அதனுள் எறிகின்றனர். ஆசிரியர் அகராதிப் பொருள் மட்டுஞ் சொல்லி அப்பாற் செல்வாராயின், மாணவன் உள்ளத்திற் சமையலறை அடுப்பே தோன்றும். இது முதல் விடை. இக்கணப்பு நம் நாட்டிலும் உண்டு என்பது இரண்டாவது. நுவரெலியாவிலும் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் அது எரிந்தது. இன்றும் சிலவிடங்களில் எரிகின்றது. அதன் கதை நம்மவர் கதையோடு பிணைந்தது. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

என் கருத்தை முதற்கண் சொல்லிவிடுகின்றேன். கணப்பை அறைக்கு நடுவாக்குவன நெருப்பும் அதனைச் சூழ்ந்திருக்கும் மக்களுமே. அணியால் ஒரு நடுவை உண்டாக்க இயலாது. இருக்கும் நடுவைக் காட்டித்தரவே இயலும். இதனை மறந்து செய்யும் அலங்காரம், மணமகள் வாராத மணவறையை ஒக்கும்.

சொல்லாராய்ச்சியே இதற்கு முதற் சான்று. அறையின் கண்ணுக்குரிய நடுவை ஆங்கிலர் 'போக்கஸ்' என்னுஞ் சொல்லாற் குறிப்பர். அது இலத்தீன்மொழிச் சொல். உரோமர் வழக்கில் அதற்கு இல்லத்து அடுப்பு, நெருப்பிடம் என்பதே பொருள். இத்தாலியரும் ஸ்பானியரும் பிரெஞ்சுக்காரரும் நெருப்புக்கு இன்று வழங்கும் சொற்கள் அதன் வழித்தோன்றல்களே. 1604ஆம் ஆண்டில் கெப்ளர் என்னும் வானூலறிஞர், ஒளிபற்றிய தம் நூலில், வளைகோடுகளுக்குரிய ஒரு புள்ளிக்கு இச்சொல்லைப் பெயராக இட்டார். ஒளிக்கதிர்கள் வந்து கூடும் இடம் எரியும் இடமுமாதலின் அப்பெயர் பொருந்திற்று. நம் அறிவியல் நூலார் அதனைக் குவியம் என்பர். ஆகவே, 'கணப்பை அறையின் குவியமாக்குக' என்று அலங்கார நூலார் கூறும்போது, 'அடுப்பை அடுப்பாக்குக' என்றே கூறுகின்றனர். சொல் தன் பழம்பொருளை மறக்கவில்லை; சொல்வோரே மறந்தனர்.

தமிழிலும் நெருப்பிடத்துக்குப் பெயர்கள் பல உள. அடுதல் என்பது சமைத்தல். அதனின் அடுப்பு வந்தது. குளிர்காய மூட்டுந் தீ கணப்பு எனப்பட்டது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையிலே நக்கீரர் 'தடவு' என்றொரு கலத்தைக் கூறுகின்றார். கூதிர்க்காலத்து மழைத்துவலையால் நடுங்கிய மக்கள் தண்ணீரை வெறுத்து, அகன்ற வாயையுடைய அத்தடவின் நெருப்பை விரும்பினர் என்பது அங்குள்ள செய்தி. அதே பாட்டின் தொடக்கத்திற் கோவலர் கொள்ளியைக் கையிற்கொண்டு குளிர்காய்கின்றனர். இங்கே ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. தடவு எடுத்துச்செல்லத்தக்க கலம். மக்கள் இருக்கும் இடத்துக்கு நெருப்பு வந்தது. ஆங்கிலர் கணப்போ சுவரோடு சுவராய்க் கட்டப்பட்டது. நெருப்பு இருக்கும் இடத்துக்கு மக்கள் சென்றனர். நாற்காலி, மேசை, விரிப்பு, விளக்கு ஆகிய யாவும் அவர்பின் சென்றன. ஓர் அறையின் ஒழுங்கு முழுவதையும் கணப்பு ஆளத் தொடங்கியது இவ்வாறே.

அதுவும் தொடக்கத்திற் சுவரில் இருந்ததன்று. இடைக்காலத்து இங்கிலாந்திற் பெருங்கூடத்தின் நடுத்தரையிலேயே தீ எரிந்தது. புகை கூரையின் வழியே வெளியேறிற்று. கென்ற் மாகாணத்துப் பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையில், 1341ஆம் ஆண்டிற் கட்டிய கூடத்தின் நடுவே எண்கோண வடிவான அந்நெருப்பிடத்தை இன்றும் காணலாம். தலைவனும் ஏவலரும் ஒரே தீயைச் சுற்றி இருந்த காலம் அது. பின்னர்ப் புகைபோக்கி வந்தது. தீ சுவருக்கு ஒதுங்கிற்று. கூடத்துக்கு ஒரு தீ என்பது போய் அறைக்கு ஒரு தீ ஆயிற்று. புகையைத் தடுத்துக் குழாயினுள் ஏற்றுதற்கு அமைத்த முகப்பே மாடமாகவும், அதன்மேற் பலகையாகவும் வளர்ந்தது. இன்று அலங்காரத்துக்கென்றே உள்ளதாக நாம் எண்ணும் அப்பலகை, பிறந்தபோது ஒரு தொழிலோடு பிறந்தது.

கணப்பின் வடிவைத் திருத்தியவருள் தலையாயவர் ரம்போர்ட் பிரபு. அமெரிக்காவிற் பிறந்த இவ்வறிஞர் 1796ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். அக்காலத்துக் கணப்புகள் அகன்றும் ஆழ்ந்தும் இருந்தன. வெப்பத்தின் பெரும்பகுதி குழாய்வழியே வானுக்குச் சென்றது. புகை மட்டும் அறைக்குள் மீண்டது. ரம்போர்ட் கணப்பின் ஆழத்தைக் குறைத்தார். பக்கச்சுவர்களைச் சாய்த்து அமைத்தார். குழாயின் தொண்டையை ஏறக்குறைய 4 அங்குலமாக ஒடுக்கினார். சாய்ந்த சுவர்கள் வெப்பத்தை அறைக்குள் வீசின. ஒடுங்கிய தொண்டை புகையை விரைந்து இழுத்தது. அவர் அழகை நாடி இவற்றைச் செய்தாரல்லர். ஆயினும் சாய்ந்த பக்கங்களாற் சூழப்பட்டுத் தீயே முன்னிற்குமாறு அமைந்த அவ்வடிவம், தான் செய்யவேண்டியதைச் செவ்வனே செய்தலால் வந்த அழகு உடையதாயிற்று.

இம்மாற்றம் இலக்கியத்திலும் ஏறியது. 1817இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஒஸ்டினின் 'நோர்தாங்கர் அபி' என்னும் நாவலிலே, கதரின் என்னும் இளம்பெண் பழைய மடம் ஒன்றுக்கு விருந்தாகச் செல்கின்றாள். அவள் அச்சக்கதைகளைப் படித்துப் படித்து மயங்கியவள். அகன்று கனத்துச் சிற்பம் செறிந்த ஒரு பழங்கணப்பை எதிர்பார்த்து உள்ளே நுழைகின்றாள். அங்கே இருப்பதோ, எளிய சலவைக்கற் பலகைகளோடு ரம்போர்ட் முறையில் ஒடுக்கிய புதுக்கணப்பு. அதன்மேல் அழகிய ஆங்கிலப் பீங்கான். அவள் முகம் வாடுகின்றது. வாசகன் முறுவலிக்கின்றான். குளிரை ஓட்டுங் கணப்பு அங்கு உண்டு. அவள் தேடியதோ கதையிற் கண்ட கணப்பு. நம் மாணவர் இவ்விடத்தைப் படிக்கும்போது ரம்போர்ட் யார் என்பதை அறியாராயின், ஆசிரியையின் நகை அவர்க்குப் புலப்படுமா?

இனி அணிக்கு வருவாம். தண்டியலங்காரம் பொருளணிகள் முப்பத்தைந்தனைக் கூறும். அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டது உவமையன்று, உருவகமுமன்று, தன்மையணி. ஒரு பொருளை உள்ளவாறே, அதன் இயல்பு விளங்கக் கூறுவது அது. உள்ளதை உள்ளவாறு சொல்லுதலும் ஓர் அணியோ என்று மாணவர் கேட்பதுண்டு. அணிகளுட் செய்தற்கு அரியது அதுவே என்பது என் விடை. பொருளின் இயல்பை நன்கு கண்டவனுக்கே அது கைகூடும். காணாதவன் உவமைகளை அடுக்கி ஒப்பேற்றுவான். கட்டடக் கலைக்கும் இது பொருந்தும். பதினெட்டாம் நூற்றாண்டில் ரொபர்ட் அடம் என்னும் கலைஞர், கணப்பின் முகப்பில் அமைத்த கோலத்தின் சாயலை மேற்கூரையிலும் தரைவிரிப்பிலும் தோன்றச் செய்தார். கணப்பு அங்கே எழுவாய். ஏனைய அதனைத் தழுவிச் செல்லும் பயனிலைகள். நூறாண்டு கழிந்தபின் வந்தோர், கணப்பின் பலகைக்கு வெல்வெட்டுத் துணியும் குஞ்சமும் தொங்கவிட்டனர்; பலகைமேற் பல சிறு தட்டுகள் எழுப்பித் தட்டுக்கொரு பொம்மை வைத்தனர். தீயின் வாயிலே துணியைத் தொங்கவிடுதல் எத்தகைய அணி? அடைமொழி மிகுந்து பெயர்ச்சொல் புதைந்த வாக்கியம் போன்றது அது.

இம்மிகையை வெறுத்தோர் அக்காலத்திலேயே இருந்தனர். வில்லியம் மொரிஸ் என்னும் கவிஞருக்காகப் பிலிப் வெப் 1859ஆம் ஆண்டளவிற் கட்டத் தொடங்கிய செம்மனையில், கணப்புகள் செங்கல்லாலாயவை. செங்கல் செங்கல்லாகவே காட்சிதரும். பூச்சில்லை, சலவைக்கல்லைப் போலி செய்யும் வண்ணமுமில்லை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லொயிட் ரைட் இன்னும் ஒருபடி மேற்சென்றார். பென்சில்வேனியாவில் அருவியொன்றன்மேல் அவர் 1935ஆம் ஆண்டில் வரைந்த வீட்டிலே, அவ்விடத்து இயற்கைப் பாறை வெட்டப்படாமல் வாழும் அறையின் தளத்தை ஊடுருவி எழுந்து, கணப்பின் அடித்தளமாக நிற்கின்றது. தன்மையணிக்கு இவை இரண்டினும் சிறந்த எடுத்துக்காட்டுகள் காட்டல் அரிது.

ஆயின் அணியே வேண்டாவோ எனின், வேண்டும், அளவோடு வேண்டும். கணப்புடைய வீட்டில் வாழ்வார்க்கு நான் சொல்லக்கூடியன சில. முதலாவது துப்புரவு. சாம்பல் அள்ளிய தளமும், துலக்கிய இரும்பும், அடுக்கிய விறகும் எந்தப் பீங்கானினும் அழகியவை. இரண்டாவது, பலகைமேல் ஒரு பொருள் தலைமை பெறவேண்டும். அது படமாயினும் மணிக்கூடாயினும் ஆகுக; அதன் அகலம் பலகையின் அகலத்துக்குக் குறைந்திருத்தல் நன்று. அருகே வைப்பன அதற்குத் துணையாகத் தாழ்ந்து நிற்க. மூன்றாவது, துணியும் உலர்ந்த பூவும் தீக்கு எட்டாதிருக்க. தீப்பொறி தெறிக்காதவாறு கம்பித் தட்டி முன்னிற்க. நான்காவது, இருக்கைகளைப் பிறைபோல் வளைத்து இடுக. தீயைப் பார்ப்பவன் எதிரிருப்பவன் முகத்தையும் பார்க்க வேண்டும். கணப்பின் பயனிற் பாதி அதுவே. ஐந்தாவது, கோடையில் வெறும் வாயைத் திறந்து கிடக்க விடவேண்டியதில்லை. பழைய ஆங்கிலர் ஓவியந் தீட்டிய பலகையால் அதனை மூடினர். பச்சைத் தழைச்சாடி வைத்தோரும் உளர். தீ ஓய்வுகொள்கின்றது என்று சொல்லும் அணி அது, பொய்யன்று.

பொய்யாவது, தீ எரிந்திராத சுவரிற் கணப்பின் முகப்பை மட்டும் ஒட்டி, மின்விளக்காற் செந்நிறம் ஆடவிடுதல். அதனினும் விந்தை, மெய்க்கணப்பை வேண்டுமளவு அணிசெய்து, அதற்குமேலே பெரியதொரு தொலைக்காட்சித் திரையை மாட்டுதல். கண்கள் மேலே செல்கின்றன. அணிகள் கீழே காத்திருக்கின்றன. கெப்ளர் 1609ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியொன்றை மாணவர் அறிவர். கோள்கள் ஞாயிற்றை நீள்வட்டத்திற் சுற்றுகின்றன. நீள்வட்டத்துக்குக் குவியங்கள் இரண்டு. ஒன்றில் ஞாயிறு உண்டு, மற்றதில் ஒன்றுமில்லை. இன்றைய அறையிற் பலவும் இவ்வாறே. மக்கள் சுற்றுவது திரையை. மாலை சூட்டியிருப்பது வெறுங் குவியத்துக்கு.

இதற்கு ஒரு மறுப்பு எழும். 'தீ புகையைத் தருவது, நோயைத் தருவது. அதனை அணைத்து அழகை மட்டும் வைத்துக்கொள்வதிற் குற்றம் என்ன?' என்பர். இம்மறுப்பை எளிதில் தள்ளலாகாது. 1945ஆம் ஆண்டு டிசெம்பரில் ஜோர்ஜ் ஓர்வெல் லண்டன் நாளிதழொன்றிற் கணப்புக்காக வழக்காடி ஒரு கட்டுரை எழுதினார். கணப்பு வீண்செலவுடையது, அழுக்குடையது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் குடும்பத்தைக் கூட்டிவைப்பது அதுவேயாதலின், வீட்டுக்கு ஒரு தீயேனும் வேண்டும் என்றார். ஏழாண்டு கழிந்தது. 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரை நிலக்கரிப் புகை மூடியது. இல்லந்தோறும் எரிந்த கணப்புகளும் அப்புகைக்குக் காரணம். இறந்தோர் 4,000 என்று முதலிற் கணித்தனர்; பிற்கால ஆய்வாளர் 12,000 வரை என்றனர். 1956ஆம் ஆண்டில் தூயகாற்றுச் சட்டம் வந்தது. 2021 மே மாதம் முதல் இங்கிலாந்திற் பைகளில் அடைத்த வீட்டு நிலக்கரியையும் சிறு அளவிலான ஈரவிறகையும் விற்றல் தடைசெய்யப்பட்டது. அன்பைக் கூட்டிய தீயே நஞ்சையும் கூட்டிற்று. ஆதலின் அணைக்க வேண்டிய தீயை அணைப்பதே அறிவு. அணைத்தபின் அவ்விடத்தைப் புத்தகப் பேழையாக்கலாம், விளக்கு மாடமாக்கலாம். எரிவதாக நடிக்கச் செய்தலொன்றே வேண்டாதது.

அலங்கார நூல்கள் சொல்லாத வேறொன்றும் உண்டு. சலவைக்கற் கணப்பின் மேலே, கண்ணுக்குத் தெரியாத இருட்குழாய் ஒன்று உண்டு. அதனுள் ஏறிக் கரியைச் சுரண்டுதற்குச் சிறுவரை அனுப்பினர். எட்டு வயதுக்குக் குறைந்தாரை இத்தொழிலில் இருத்தலாகாது என்று 1788ஆம் ஆண்டிற் சட்டஞ் செய்தனர். அது நடைமுறைக்கு வரவில்லை. புகழ்பெற்ற கவிஞர் பிளேக் அச்சிறுவரைப்பற்றி 1789இலும் 1794இலும் இரு பாட்டுகள் பாடினார். 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அக்கொடுமை ஓய்ந்தது. பலகைமேற் பீங்கானை ஒழுங்குசெய்த கையும், குழாயினுள் முழங்கால் தேய்ந்த கையும் ஒரே வீட்டில் இருந்தவை. ஒரு கணப்பின் அழகை அளப்பவன் இரண்டையும் சேர்த்தே அளக்கவேண்டும்.

இவ்வளவை நம் மலைநாட்டிலும் வைத்துப் பார்க்கலாம். ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியா, ஆங்கிலர் தம் ஊரை நினைந்து அமைத்துக்கொண்ட நகர். 1876ஆம் ஆண்டில் நிறுவிய ஹில் கிளப்பிலும், தோட்டத்துரைமார் பங்களாக்களிலும் கணப்புகள் இடம்பெற்றன. பனிக்கால இரவுகளில் அங்கே அவை வெறும் அலங்காரமல்ல, தேவையே. ஆயின் அவற்றுக்கு விறகு பிளந்தோரும், விடியலிற் சாம்பல் அள்ளினோரும் துரைமாரல்லர். தென்னிந்தியாவினின்று வந்து அம்மலைகளைத் தோட்டமாக்கிய மக்களின் உழைப்பில் எரிந்த தீ அது. அம்மக்கள் இரவில் திரும்பிச் சென்ற லயத்துக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. குளிர் அங்கும் அதே குளிர். அடுப்பு அங்கும் உண்டு. ஆனாற் பல காம்பிராக்களிற் புகைபோக்கி இல்லை. பங்களாவில் வெப்பம் அறைக்கும் புகை வானுக்கும் சென்றது. லயத்திலே புகை தாயின் கண்ணுக்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் சென்றது. ரம்போர்ட் 1796இல் எழுதிய உண்மை, கடலையும் மலையையும் கடந்து பங்களாவரை வந்தது. அங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள லயத்துக்கு வரவில்லை.

இது பழங்கதை மட்டுமன்று. லயங்களில் இன்றும் வாழ்வோர் பலர். விறகடுப்பின் புகையை நாடோறும் உண்போர் மலைநாட்டிலும் பிறவிடங்களிலும் பலர். வீட்டினுட் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் உரிய காலத்துக்குமுன் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பழைய பங்களாக்கள் சில இன்று விருந்தினர் விடுதிகளாகியுள்ளன. அவற்றின் கணப்புகளுக்கு மீண்டும் மெருகு ஏறுகின்றது. ஏறுக; அழகைப் பேணுதல் தீதன்று. ஆனால் ஒரு மனையில் நெருப்புக்கெனச் செலவிட ஒரு தொகை உண்டாயின், அதன் முதற்பங்கு சமைப்பவள் தலைக்குமேல் ஒரு புகைபோக்கிக்கு உரியது. பலகைமேல் வைக்கும் பீங்கான் அதன்பின் வரலாம்.

அணியிலக்கணம் பயில்வோர் அறிந்த முறைதான் இது. முதலிற் பொருள், அதன் பின்னரே அணி. நெருப்புக்குப் பொருள், அருகிருப்பார்க்கு வெம்மை தருதலும் அவரைத் தீங்கின்றிக் காத்தலும் ஆகும். அப்பொருள் நிறைந்த அடுப்பு மண்ணடுப்பாயினும், அவ்வீட்டின் கண்ணெல்லாம் அங்கேயே செல்லும்.